பத்தே முக்கால் பஸ்ஸும் ஒரு பிரஷர் கணக்கும்

ஒரே ஆஸ்பத்திரி, ஒரே குளிசை. டவுன்காரர்களுக்குப் பிரஷர் இறங்குகிறது. எல்கடுவத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வருகிறவர்களுக்கு மட்டும் இறங்க மாட்டேன் என்கிறது. நீங்களாக இருந்தால் யாரைக் குறை சொல்வீர்கள்?

றுஸைனா தோட்டத்துக்காரர்களைத்தான் சொன்னாள். சும்மா வாயால் சொல்லவில்லை. கம்ப்யூட்டரில் போட்டுச் சொன்னாள்.

மருத்துவ மாணவர்களுக்குப் புள்ளிவிபரம் படிப்பிக்கிறவள் அவள். யட்டவத்தைப் பள்ளிக்கூடத்தில் கணக்கில் கெட்டிக்காரி என்று பேரெடுத்து, அந்தப் பேரை இன்னும் கீழே வைக்காமல் தூக்கிக்கொண்டு திரிகிறவள்.

கிளினிக் கொப்பிகளிலிருந்து ஆறு மாதத்துப் பிரஷரை எடுத்து, ஊர்வாரியாகப் பிரித்துப் பார்க்கச் சொல்லி மாணவர்களுக்கு வேலை கொடுத்திருந்தாள். வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது.

"இப்படியொரு வித்தியாசம் சும்மா தற்செயலா வர்றது ஆயிரத்துல ஒண்ணு," என்றாள் வகுப்பில். "இலக்கம் பொய் சொல்லாது. இவங்க குளிசையை ஒழுங்காக் குடிக்கிறதில்ல."

மாணவன் றினோஸ் அதை அப்படியே அறிக்கையில் எழுதினான். கடைசியில் இரண்டு சிபாரிசு. ஒன்று, எல்கடுவக்காரர்களுக்கு மருந்தைக் கூட்ட வேண்டும். குடிக்காத குளிசையைக் கூட்டி என்ன பிரயோசனம் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இரண்டு, அவர்களை மட்டும் வரிசையில் முந்தவிடுகிற நர்ஸ் சுபாஷினியைக் கண்டிக்க வேண்டும். அது டவுன்காரர்களின் நெடுநாள் முறைப்பாடு.

செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் அறிக்கையைக் கொடுப்பதென்று ஏற்பாடு. போன மாதம் வந்த புது டொக்டர் அதை நம்பிக் காத்திருந்தார். அவர் தலையாட்டினால் அன்றைக்கே மருந்து கூடும்.

அன்றைக்கென்று பார்த்து, இரண்டு வயது மகன் ஷிஃபான் உம்மாவின் செருப்பில் ஒன்றை அரிசி வாளிக்குள் போட்டு மூடிவைத்திருந்தான். தேடியெடுத்து றுஸைனா வந்து சேர்ந்தபோது, ஆஸ்பத்திரி மேட்டின் அடியில் எல்கடுவ பஸ் சனத்தை இறக்கிக்கொண்டிருந்தது. முச்சக்கரவண்டி ஒன்றுமில்லை. அவர்களோடு சேர்ந்து நூற்றுப்பத்துப் படியையும் ஏறினாள்.

மேலே சுபாஷினி வந்தவர்களை மூச்சுவிட விடாமல் ஒவ்வொருவராக இருத்திக் கையில் பட்டியைச் சுற்றினாள்.

"சரோஜாதேவி, நூற்று எழுபது."

"நர்ஸ் மிஸ்ஸி, மருந்தைக் கூட்டிராதீங்க. இப்ப குடிக்கிறதே தலையைச் சுத்துது. கொழுந்து மலையில ரெண்டு தரம் விழப் பாத்தேன்."

றுஸைனா இடையில் புகுந்தாள். "அக்கா, உண்மையைச் சொல்லுங்க. குளிசையை ஒழுங்காக் குடிக்கிறீங்களா?"

"குடிக்காமலா தலை சுத்துது, டொக்டரம்மா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். மூச்சுத்தான் வந்தது.

"மிஸ் முகம் என்ன செத்தல் மிளகா மாதிரி சிவந்திருக்கு?" என்று சுபாஷினி அவள் கையிலும் பட்டியைச் சுற்றினாள். "நூற்று ஐம்பத்தெட்டு."

"யா அல்லாஹ், எனக்கா? என் வாப்பாவுக்கே பிரஷர் இல்லையே."

"படியேறி வந்தா இப்படித்தான் காட்டும். பத்து நிமிஷம் பேசாம இருங்க."

பேசாமல் இருந்தாள். அவளைப் பொறுத்தவரை அதுவே பெரிய வைத்தியம். மறுபடி பார்த்தபோது நூற்றுப்பதினெட்டு.

போன உயிர் திரும்பி வந்தது. வந்த கையோடு மானம் போனது.

"மிஸ்ஸி, டவுன்காரங்களை ஒரு மணித்தியாலம் ஃபேனுக்குக் கீழ இருந்த பொறகுதானே பாக்குறீங்க. இவங்களையும் பத்து நிமிஷம் இருத்திப் பாத்தா என்ன?"

"இருத்தலாம். திரும்பிப் போற பத்தே முக்கால் பஸ் நிக்குமா? அதை விட்டா ரெண்டு மணிக்குத்தான் அடுத்தது. பின்னேரக் கொழுந்துக்குப் போகாட்டி அரைநாள் சம்பளம் போயிரும். அதான் டவுன்காரங்க ஏசினாலும் பரவாயில்லன்னு இவங்களை முதல்ல எடுக்கிறேன்."

"அப்ப இந்த இலக்கமெல்லாம் பிழைதானே?"

"அதுக்குத்தானே மிஸ், பக்கத்துல எழுதி வச்சிருக்கேன். பழைய டொக்டர் அதைப் பாத்துத்தான் மருந்தைக் கூட்டாம விட்டார்."

றுஸைனா கொப்பியைப் புரட்டினாள். எல்கடுவக்காரர்களின் ஒவ்வொரு இலக்கத்துக்கும் பக்கத்தில், குட்டி எழுத்தில், 'படி ஏறின உடனே'.

"றினோஸ், இதை ஏன் கம்ப்யூட்டர்ல போடல்ல?" அறிக்கையோடு முன்னமே வந்து காத்திருந்தவனைக் கேட்டாள்.

"எழுத்தெல்லாம் வேணாம், இலக்கம் மட்டும் போதும்னு நீங்கதானே மிஸ் சொன்னீங்க."

அவன் கையிலிருந்த அறிக்கையை வாங்கிப் பைக்குள் திணித்தாள்.

"டொக்டர் கேட்டா என்ன சொல்ல?"

"மிஸ் பிழை விட்டுட்டாங்கன்னு சொல்லு. எவ்வளவுன்னு கேட்டா, நூறு வீதம்னு சொல்லு." சுபாஷினியின் பக்கம் திரும்பினாள். "மிஸ்ஸி, எல்லாரையும் பெஞ்சில இருத்துங்க. பத்து நிமிஷம் கழிச்சுத் திரும்பப் பாருங்க."

"பஸ்?"

றுஸைனா அதற்குள் பாதிப் படி இறங்கியிருந்தாள்.

கீழே பத்தே முக்கால் பஸ் திரும்பி நின்றது. டிரைவர் சீனி தூவின கிம்புலா பனிஸைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கில் சாய்ந்திருந்தார். ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு மறுபடியும் நூற்று ஐம்பத்தெட்டாவது இருந்திருக்கும்.

"அண்ணே, ஆயிரத்துல ஒண்ணுகூடப் பிழையாகாதுன்னு நெனச்ச கணக்கு ஒண்ணு பிழையாப்போச்சு. செவ்வாய்க்கிழமைகள்ல மட்டும் பஸ்ஸை ஒரு பதினஞ்சு நிமிஷம் பிந்தி எடுப்பீங்களா?"