வெள்ளை மாத்திரை

நூல் மில்லில், மெஷின் முன்னாலேயே சிவரஞ்சனிக்குப் பிரசவ வலி வந்துவிட்டது, ஏழாம் மாதத்தில். சூப்பர்வைசரான நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தேன். குழந்தையைக் கண்ணாடிப் பெட்டிக்குக் கொண்டுபோன பிறகு, டாக்டரம்மா தட்டில் கிடந்த நஞ்சுக்கொடியைக் காட்டினார். என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் போலிருந்தது. "இவ்வளவு சின்னதா நான் பார்த்ததில்லை. ஏதாவது மாத்திரை சாப்பிட்டியாம்மா?" "இடுப்பு வலிக்குத்தாங்க. தினம் ரெண்டு, மூணு. வெள்ளையா இருக்கும், பேரு தெரியாதுங்க." சிவரஞ்சனி என்னை நன்றியோடு பார்த்தாள். "இந்த அக்காதான் குடுப்பாங்க. தங்கமானவங்க. மெஷினை விட்டு நகர வேண்டாம்னு தண்ணியோட வந்து வாயிலயே போட்டுவிடுவாங்க." டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "என்ன மாத்திரைங்க அது?" எனக்கும் பேர் தெரியாது. மாத்திரை டப்பா என் இடுப்புப் பையிலேயே இருந்தது. அசைந்தால் குலுங்கிவிடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.