வேதமணி விலகக் கூடாது

"நீங்க கிளவுஸைக் கழட்டிட்டா, நாங்க இனி மைதானத்துப் பக்கமே வர மாட்டோம் அண்ணாச்சி."

சொல்லிவிட்டுப் பால்ச்சாமி தோளில் கிடந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். ஐம்பது வயது ஆள், லாரி ஓட்டுகிறவர். குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அவருக்குப் பின்னால் வாசல்படி வரை ஒன்பது பேர். ஒருவரும் சும்மா நிற்கவில்லை. ஒருவர் மூக்கைச் சிந்தினார். இன்னொருவர் சுவரில் சாய்ந்து, உத்தரத்தையே வெறித்துக்கொண்டிருந்தார். துக்க வீடுகளில் நல்ல அனுபவம் உள்ளவர் போலிருந்தது.

வேதமணி மில்லில் ஃபிட்டர். பதினாறு வருடமாக ராஜபாளையம் ஃபுட்பால் டீமின் கோல்கீப்பர். எண்பத்தேழாம் வருட சீசனின் கடைசி மேட்ச் போன ஞாயிற்றுக்கிழமை முடிந்ததும் மைக்கை வாங்கி, முழங்கால் ஒத்துழைக்கவில்லை, இத்தோடு விலகிக்கொள்கிறேன் என்று அறிவித்திருந்தார். மறுநாள் ஆட்கள் தேடி வருவார்கள் என்று மில்லுக்கு லீவு போட்டார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, வாசலைப் பார்த்து நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்தார். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் பால்காரர் மட்டும் வந்து போனார்.

வியாழக்கிழமை காலையில்தான் இவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு வேன் வந்து நின்றது.

"நாப்பத்திரெண்டு வயசாச்சு," என்றார் வேதமணி. "முட்டு வீங்குது. ஒரு தடவை பாய்ஞ்சு விழுந்தா எந்திரிக்கச் செத்த நேரம் ஆவுது."

"ஆவட்டுமே," என்றார் சேக் முகைதீன். ஜவுளிக்கடைக்காரர், டேபிள் ஃபேனுக்கு நேராக இடம் பிடித்து அழுதுகொண்டிருந்தார். "நீங்க மெதுவாவே எந்திரிங்க. நாங்க ஏதாவது சொன்னோமா? நீங்க போஸ்ட்டுல நிக்கிய பாருங்க, அதைப் பாத்தாலே எங்களுக்கு ஒரு தைரியம்."

"எங்க ஊருக்குக் கப் வந்ததே உங்களாலதான் அண்ணாச்சி," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஒண்ணா ரெண்டா, அஞ்சு கப்," என்று துண்டுக்குள்ளிருந்தே சொன்னார் பால்ச்சாமி.

வேதமணி தலையைக் குனிந்துகொண்டார்.

காப்பித் தட்டோடு வந்து நின்ற அவர் மனைவி ஏசம்மாளுக்கு இது எதுவும் விளங்கவில்லை. நாசரேத்தில் பிறந்தவள். மைதானத்தை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீங்கி வரும் முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பதுதான் ஃபுட்பாலில் அவளுக்கிருந்த பங்கு.

"மதுரை டாக்டரு இன்னொரு தடவை முட்டு பிசகுனா ஆபரேசன்தான்னு சொல்லியிருக்காரு," என்றாள். "அவிய காலு என்ன ஆவுறது?"

எல்லோரும் குனிந்து அந்தக் காலைப் பார்த்தார்கள்.

"நாங்களே வேன் வச்சு மதுரைக்குக் கூட்டிட்டுப் போறோம் மதினி," என்றார் சேக் முகைதீன். "ஆனா, அடுத்த சீசன் முடிஞ்ச பொறவு."

"எனக்குப் பதிலாத்தான் புதுசா ஒரு ஆளு வந்திருக்காரே, சேத்தூர்க்காரரு," என்றார் வேதமணி. "நல்லா பாயுதாராம்."

பத்து முகமும் ஒன்றாக இருண்டன.

"அந்தப் பேச்சையே எடுக்காதீய," என்றார் பால்ச்சாமி. "நேத்து பிராக்டீஸ்ல போய்ப் பாத்தோம். பாத்துட்டு வந்ததுல இருந்து ஒருத்தனுக்கும் சோறு எறங்கல."

மடியிலிருந்து ஒரு மனுவை எடுத்துப் பிரித்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. அதில் இரண்டு வக்கீல், ஒரு ஓய்வுபெற்ற தாசில்தார். கீழே பதினேழு கைநாட்டு.

"நீங்க சரின்னு சொல்லுத வரைக்கும் இந்த வீட்டுல நாங்க பச்சைத் தண்ணி குடிக்க மாட்டோம்," என்று சொல்லி, குடித்து முடித்த காப்பி டம்ளரைத் தட்டில் வைத்தார் சேக் முகைதீன்.

வேதமணி மனுவைக் கையில் வாங்கி, ஒவ்வொரு பெயராக, கைநாட்டுகளைக்கூட விடாமல் பார்த்தார். மூன்று நாளாக அடக்கி வைத்திருந்த கண்ணீர், கடைசிப் பக்கத்தில் சொட்டியது.

"சரி. ஒரு வருசம் ஆடுதேன்," என்றார். "உங்களுக்காக."

அவ்வளவுதான். அழுகை நின்றது. பத்துப் பேரும் சேர்ந்து அவரைத் தோளில் தூக்கினார்கள். நிலைப்படியில் அவருடைய முழங்கால் இடித்ததை யாரும் கவனிக்கவில்லை. ரோஜா மாலை போட்டார்கள். போட்டோ எடுத்தார்கள். தெருவில் இரண்டு நாய்கள் குரைக்கும் அளவுக்கு விசில் அடித்துவிட்டு, வேனில் ஏறிப் போனார்கள்.

மாலையும் கழுத்துமாக வேதமணி நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். வாசலில் நின்ற ஏசம்மாள் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"ஏங்க, வேன் டிரைவருக்குத் தண்ணி கொடுக்கும்போது பேச்சுக் கொடுத்தேன். வந்தவியள்ல ஒருத்தருகூட நம்ம ராஜபாளையத்து ஆளு இல்லையாம். அம்புட்டுப் பேரும் உங்களை எதுத்து ஆடுத ஸ்ரீவில்லிபுத்தூர் டீமோட ரசிகருங்களாம்."

"தெரியும்ட்டி. அஞ்சு ஃபைனல்லயும் நான் விட்ட கோலுக்கு எந்திரிச்சு நின்னு கை தட்டுனவிய," என்றார் வேதமணி, முழங்காலைத் தடவியபடி. "நான் விலகுதேன்னு மைக்குல சொன்னதும் நம்ம ஊருக்காரன் பூராவும் எந்திரிச்சு நின்னு கை தட்டுனான். எனக்காக அழுறதுக்கு இவியதான வந்தாவ."