ஒருத்தராவது இருக்கணும்

இளைய கணக்கு வாத்தியார் காட்டிய இடமாறுதல் விண்ணப்பத்தைப் படித்ததும் மூத்த கணக்கு டீச்சருக்குச் சுருக்கென்றது.

“வருஷத்துக்கு ஒருத்தர் ஓடினா பிள்ளைங்க என்ன பண்ணும் தம்பி? போன வருஷம் உங்க இடம் காலியாக் கிடந்தப்ப நாலு மாசம் விளையாட்டு வாத்தியார்தான் அந்தக் கணக்கு வகுப்பை மேய்ச்சாரு.”

“வீட்ல கைக்குழந்தை, டீச்சர். பஸ்லயே நாலு மணி நேரம் போயிடுது.”

“நான் பதினோரு வருஷமா அதே பஸ்லதான் வர்றேன்.”

அவன் தலை கவிழ்ந்தது. விண்ணப்பத்தை நாலாகக் கிழித்துப் போட்டான்.

“உங்க முன்னாடி நிக்கவே வெட்கமா இருக்கு. நான் எங்கயும் போகல, டீச்சர்.”

கிழிந்த துண்டுகளைப் பொறுக்கும் சாக்கில் டீச்சர் குனிந்துகொண்டாள். நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவளுக்கு வந்த மாறுதல் உத்தரவு கைப்பையில் இருந்தது. கணக்குக்கு ஒருத்தராவது இருந்தால்தான் விடுவிப்பேன் என்று தலைமையாசிரியர் காலையில்தான் கறாராகச் சொல்லியிருந்தார்.