மணிமேகலை போட்ட கமெண்ட்

"ஓசியில கெடச்ச வெப்சைட்டுக்கு ரெண்டு பஸ் ஏறிப் போயி சண்ட போடறவ, இந்த ஜில்லாவுலயே நீ ஒருத்திதான்" என்றார் மணிமேகலையின் கணவர்.

அவர் சொன்னதும் நியாயம்தான். ஆனாலும் மணிமேகலை பாப்பாரப்பட்டியில் தன் டெய்லர் கடையைப் பூட்டிவிட்டு, தர்மபுரியில் இறங்கி, அடுத்த பஸ்ஸில் நின்றுகொண்டே பாப்பிரெட்டிப்பட்டி போய்ச் சேர்ந்தாள். நிம்மதியாகத் தூங்கி ஒரு மாதமாகிறது.

போனது பதினோரு வருஷ உழைப்பு. அவள் கையால் ஆரி வேலை செய்த ப்ளவுஸ்களின் படங்கள், ஆயிரத்துச் சொச்சம். கல்யாண வீட்டுக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் ஆர்டர் கொடுப்பார்கள். ஆவணி முகூர்த்தங்கள் வரப்போகின்றன. காட்டப் படமில்லாமல் மூன்று ஆர்டர் எதிர்க்கடைக்குப் போய்விட்டது.

பாப்பிரெட்டிப்பட்டி நவநீதன் யூடியூப்பில் பேசுகிறவன். புதுசாக எந்த ஆப் வந்தாலும், எந்த வெப்சைட் முளைத்தாலும் முதல் ஆளாகப் போட்டுப் பார்த்து நல்லது கெட்டது சொல்லுவான். நல்லதைத்தான் அதிகம் சொல்லுவான். ரெண்டு வருஷம் முன்னால், பேர் வாயில் நுழையாத ஒரு வெளிநாட்டு வெப்சைட்டைப் பற்றிப் பேசினான்.

"எவ்ளோ ஃபோட்டோ வேணும்னாலும் போடுங்க, மொத்தமும் ஃப்ரீ. மேல ஏத்திட்டு, ஃபோன்ல இருக்கறத அழிச்சுடுங்க. எதுக்கு எடத்த அடைச்சுக்கிட்டு?"

ஒன்றரை லட்சம் பேர் பார்த்த வீடியோ. அவன் சேனலிலேயே அதுதான் அதிகம் ஓடியது.

மணிமேகலை அவன் சொன்னபடியே செய்தாள். புரியாத இடத்தில் ஃபோன் போட்டுக் கேட்டாள். அவனும் பொறுமையாகத்தான் சொல்லிக் கொடுத்தான். போன மாதம் அந்த வெப்சைட்டையே மூடிவிட்டார்கள். திறந்தால் வெள்ளைப் பக்கத்தில் ரெண்டு வரி இங்கிலீஷ், அவ்வளவுதான்.

ஆத்திரத்தில் அந்த வீடியோவுக்குக் கீழே கமெண்ட் போட்டாள். 'இவர் பேச்சைக் கேட்டு என் பொழப்பே போச்சு. யாரும் நம்பாதீங்க.' நானூறு பேர் லைக் போட்டார்கள். லைக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? படத்தை மீட்க வழி தெரிந்தால் அவனுக்குத்தான் தெரியும். இல்லையென்றால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டாவது வரலாம் என்றுதான் கிளம்பினாள்.

கதவைத் திறந்த நவநீதனுக்கு முப்பது வயதுதான் இருக்கும். அவனும் தூங்கி நாளானவன் போலத்தான் இருந்தான். மணிமேகலை தன் பேரைச் சொன்னாள்.

"கமெண்ட் போட்ட அக்காவா? உள்ள வாங்க."

"படத்த எடுக்க ஏதாச்சும் வழி இருக்குதா தம்பி? அத மட்டும் சொல்லுங்க."

"இல்லீங்கக்கா. எல்லாத்தையும் அழிச்சுட்டாங்க. மூடறதுக்கு முன்னாடி மெயில் அனுப்பியிருப்பாங்க."

"மெயில நான் எங்க பாக்கறேன்? அந்த ஐடியே நீங்க போட்டுக் குடுத்ததுதான். வர்றது பூரா வெளம்பரம்."

"நானுந்தான் பாக்கல. என்னுதும் மொத்தமா போச்சுங்க. கல்யாண ஃபோட்டோ, பாப்பா பொறந்தப்ப எடுத்தது, ஒண்ணுகூட மிச்சமில்ல."

பஸ்ஸில் அடுக்கி வைத்துக்கொண்டு வந்த வார்த்தைகளை மணிமேகலை அப்படியே ஒதுக்கி வைத்தாள். கோபப்படுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டியிருக்கிறது.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பீங்க" என்றாள், அவளே அவனுக்குப் பரிந்துகொண்டு.

"தெரிஞ்சிருந்தா சொல்லாம இருப்பேனாங்க? அன்னிக்கே வீடியோ போட்டிருக்க மாட்டேன்? நானே நொந்து போயிக் கெடக்கறேன். இதுல உங்க கமெண்ட் வேற. புதுசா ஒரு கம்பெனிக்காரங்க வெளம்பரம் பேச வர்றாங்க, மொதல்ல அதத்தான் படிக்கறாங்க."

குழந்தை பிறந்த படத்தைத் தொலைத்தவனோடு ப்ளவுஸ் படத்துக்காக மல்லுக்கட்டுவதா? அவளுக்கே கூச்சமாகப் போய்விட்டது. ஃபோனை எடுத்து, கமெண்ட்டைத் தேடிப்பிடித்து, அவன் கண்முன்னாலேயே அழித்தாள்.

"அழிச்சுட்டேன் தம்பி. மனசுல வெச்சுக்காதீங்க. ப்ளவுஸ நான் மறுபடி தெச்சு ஃபோட்டோ எடுத்துக்குவேன். அன்னிக்குப் பொறந்த கொழந்தைய நீங்க இனிமே எங்க போயிப் பாப்பீங்க?"

"ரொம்ப நன்றிங்கக்கா."

அவன் ஃபோன் அடித்தது. "அந்த கம்பெனிக்காரங்கதான், ஒரு நிமிஷம்" என்று பக்கத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அவன் மனைவி சந்தியா டீ கொண்டுவந்து வைத்தாள். "அவ்ளோ தூரத்துலருந்து வந்திருக்கீங்க. குடிங்கக்கா."

மணிமேகலை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாப்பா பொறந்த ஃபோட்டோகூட போயிருச்சாமே. தம்பி சொல்லுச்சு. வருத்தப்படாதம்மா."

சந்தியாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"எங்களுதா? எங்களுது ஒண்ணும் போகலீங்களே. மூடப் போறோம்னு சித்திரையிலயே மெயில் வந்துச்சு. மூணு நாளு சோறு தண்ணி இல்லாம ஒக்காந்து எல்லாத்தையும் எறக்கி வெச்சுக்கிட்டாரு. 'உங்கள நம்பிப் போட்டவங்களும் பாவம், அவங்களுக்கும் சொல்லிடுங்க'ன்னேன். எல்லாருக்கும் வீடியோ போட்டாச்சுன்னாரே. நீங்க பாக்கலீங்களாக்கா?"