மெழுகுத்தாள் மடிப்பு

லோரீன் குப்பைக் கூடைக்குள் கையை விட்டதை ரஸ் பார்த்துவிட்டார். இது முதல் தடவை இல்லை.

ரஸ் ஓஹையோவில், பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் போட்ட கார்டுகள் விற்கும் கடை வைத்திருக்கிறார். பாக்கெட்டைப் பிரிக்கும்வரை உள்ளே யார் கார்டு என்று தெரியாது. சனிக்கிழமையானால் ஆட்கள் வந்து பாக்கெட் வாங்கி, அங்கேயே மேஜையில் உட்கார்ந்து பிரிப்பார்கள். பெரிய ஆட்டக்காரர் கார்டு வந்தால் கத்துவார்கள். வராவிட்டால் திட்டுவார்கள். மெழுகுத்தாள் உறை கூடைக்குப் போகும்.

அந்த உறைகளைத்தான் லோரீன் பொறுக்கிக்கொண்டிருந்தார். எழுபது வயதிருக்கும். கிழியாததாகப் பார்த்து எடுத்து, தடவி நேராக்கி, கைப்பைக்குள் வைத்தார்.

"யோவ் ரஸ், உன் கூடை காலியாகுதுய்யா," என்றார் ஏர்ல். வாராவாரம் வருகிறவர். நாற்பது வருஷமாகப் பிரிக்காத பழைய மெழுகுத்தாள் பாக்கெட் தவிர வேறு எதையும் தொடமாட்டார். விலை அதிகம். கவலைப்பட்டதே இல்லை.

"பாத்துட்டுத்தான் இருக்கேன்."

"போன வாரம் என்ன வாங்கினாங்க அந்தம்மா?"

"டெல்மர் ஸ்ட்ரோப் கார்டு. இருந்ததையெல்லாம் அள்ளிட்டுப் போனாங்க."

"எவன் அவன்?"

"ஒரே ஒரு சீசன் பந்து வீசினான். அப்புறம் ஆளக் காணோம்."

ஏர்ல் சிரித்தார். "காலி உறை, குப்பைக் கார்டு. இன்னும் என்னய்யா வேணும் உனக்கு? போய்ப் பிடி."

பாக்கெட்டைப் பிரித்து, நல்ல கார்டை உருவிக்கொண்டு, உதவாததை வைத்து மறுபடி ஒட்டி, பிரிக்காதது என்று விற்பது. இந்தத் தொழிலில் இதைவிடக் கேவலம் கிடையாது. மாட்டினவனை எந்தக் கடையும் உள்ளே விடாது.

ரஸ் எழுந்து போனார். "அம்மா, அந்தப் பையத் திறங்க."

"எதுக்கு தம்பி?"

"திறங்கன்னேன்."

உள்ளே உறைகளோடு மூன்று பாக்கெட்டுகளும் இருந்தன. மறுபடி ஒட்டியவை. ரஸ் ஒன்றைக் கிழித்தார். நடுவில் ஸ்ட்ரோப். இரண்டாவதைக் கிழித்தார். ஸ்ட்ரோப். மூன்றாவதிலும் அதே மூஞ்சிதான்.

"ஐயோ, எல்லாத்தையும் கிழிச்சுட்டியே!" லோரீன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "மூணுல எது நல்லா வந்திருக்கோ, அத இன்னிக்கு எடுத்துட்டுப் போலாம்னு இருந்தேன்."

"ஆமா, எவன் தலையில கட்டப்போனீங்க?" என்றார் ஏர்ல்.

"கிளெம்னு ஒருத்தன். முதியோர் இல்லத்துல இருக்கான். சனிக்கிழமை சாப்பாடு முடிஞ்சதும் ஒரு பாக்கெட் பிரிச்சாகணும் அவனுக்கு."

"கிழவன ஏமாத்தறீங்களே, வெக்கமா இல்ல?" ரஸ்ஸின் குரல் உயர்ந்தது. மேஜையில் எல்லோரும் பிரிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

"காசு வாங்கலப்பா. சும்மாதான் குடுக்கப்போறேன்." லோரீன் கீழே விழுந்த ஒரு கார்டை எடுத்துப் பாவாடையில் துடைத்தார். "இது என் வீட்டுக்காரர். அவரும் அங்கதான் இருக்கார். ஒரு நாள் வாய் தவறி, நான் பெரிய லீக்ல ஆடினவன்னு சொல்லிட்டார். அன்னிலேர்ந்து கிளெம் விடல. 'வாங்க சாம்பியன், சூப்புல ஒரு பந்து போடுங்க'ம்பான். ஹாலே சிரிக்கும்."

"இந்தக் கார்டக் காட்ட வேண்டியதுதானே?"

"காட்டினேனே! 'இப்பல்லாம் யார் மூஞ்சிய வேணாலும் அச்சடிச்சுத் தரான், எவ்வளவு குடுத்தே லோரீன்'னு கேட்டான். அதுக்கப்புறம் இவர் ஹாலுக்கே வர்றதில்ல. சாப்பாடு ரூமுக்குப் போகுது, பாதி அப்படியே திரும்பி வருது." அவர் நிமிர்ந்து பார்த்தார். "பிரிக்காத பாக்கெட்லேர்ந்து கிளெம் தன் கையால எடுத்தா, அப்ப என்ன சொல்லுவான்?"

ஏர்ல் தொண்டையைக் கனைத்தார்.

ரஸ் கிழிந்த உறைகளில் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இத எதால ஒட்டினீங்க?"

"துணி தேய்க்கிற பெட்டியாலதான்."

"சூடு அதிகம். மெழுகு வெளியே பரவியிருக்கு பாருங்க. மடிப்பும் தப்பு, இடது பக்கம் மேல வரணும். கிளெம் பிரிக்கிற ஆளுன்னா உடனே கண்டுபிடிச்சுடுவான். இன்னும் கேவலமாப் போயிடும்."

"அப்ப என்ன பண்றது? சாப்பாட்டு நேரம் ஆயிடுச்சே."

ரஸ் ஒருமுறை மேஜைப் பக்கம் பார்த்தார். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் கல்லாவுக்குப் பின்னால் குனிந்து, அடித் தட்டிலிருந்து ஒரு குட்டி இஸ்திரிப் பெட்டியை எடுத்து, மின்சாரத்தில் செருகினார். பெட்டி உள்ளங்கை அளவுதான் இருக்கும். அடிப்பக்கம் முழுக்கப் பழைய மெழுகு கறுப்பாகப் படிந்திருந்தது.

"நல்ல உறையா ஒண்ணு எடுங்கம்மா. ரெண்டு நிமிஷ வேலை."

ஏர்ல், ரஸ்ஸிடம் வாங்கித் தன் கையில் வைத்திருந்த பாக்கெட்டை மெதுவாகத் திருப்பி, பின்பக்க மடிப்பைப் பார்த்தார்.