டிக்கியில் ஒரு கறை

"ரத்தம் கார்பெட்டுக்குள்ளேயே இறங்கிடுத்து அமலா. தேய்க்கத் தேய்க்கப் பரவறதே தவிர, போக மாட்டேங்கறது."

கார் டிக்கிக்குள் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு ஜம்புநாதன் முனகினார். பவானிபூர் சந்தில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

"மெதுவா பேசுங்கோ. போலீஸ் வந்துடப் போறது," என்றாள் அமலா.

கொலையும் இல்லை, கத்திக்குத்தும் இல்லை. முந்தாநாள் மாப்பிள்ளைக்கு விருந்து போடும் ஜமாய் சஷ்டி. மாடி வீட்டு மித்ரா தாதா தன் மாப்பிள்ளைக்காக இலிஷ் மீன் வாங்கிக்கொண்டு மழையில் நின்றார். போகட்டும் பாவம் என்று இவர் வண்டியில் ஏற்றிக்கொண்டார். பை ஒழுகிவிட்டது.

மித்ரா தாதாவுக்கு வருத்தமே இல்லை. பால்கனியிலிருந்து வங்காள மொழியில் பெருமையடித்தார். "அது பத்மா நதி இலிஷ், ஜம்பு தாதா. கோலாகாட் மீனுக்கு இந்த வாசனை கிடையாது. தின்னு பழகினவன் மோந்து பார்த்தே சொல்லிடுவான்."

ஜம்புநாதனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாயங்காலம் சாந்த்ராகாச்சி ஸ்டேஷனில் ராஜாராமனும் பாகீரதியும் வந்து இறங்குகிறார்கள். மகள் மேக்னா கட்டிக்கொள்ள ஆசைப்படும் அனந்தின் அப்பா அம்மா. ராஜாராமன் சரி என்று சொல்ல வேண்டியது ஒன்றுதான் பாக்கி. அவரோ வெங்காயம் நறுக்கின கத்தியைக்கூடத் தொடாத மனுஷர் என்று கேள்வி.

"டாக்ஸியில கூட்டிண்டு வந்துடலாமே," என்றாள் அமலா.

"அப்பா கார் எடுத்துண்டு வருவார்னு அனந்த் அவாகிட்ட சொல்லியாச்சும்மா," என்றாள் மேக்னா. "சுத்தி வளைச்சுக் கதையும் விட முடியாது. அனந்தோட அப்பா பேச்சலரா இங்கேயே பெஹாலா பேங்க் பிராஞ்ச்ல வேலை பார்த்தவராம், ஊர் அத்துப்படி. அந்த ஸ்மெல் போகலைன்னா என் கல்யாணம் அவ்ளோதான், ஷேஷ்."

ஜம்புநாதன் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு களத்தில் இறங்கினார்.

வீடியோவில் பார்த்த வைத்தியம் ஒன்று பாக்கியில்லை. மங்கிப்போன ஹெட்லைட்டைப் பற்பசையால் தேய்த்தார், டாஷ்போர்டுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினார். புது சீட் கவர், ஸ்டியரிங்குக்குப் புது உறை. டிக்கி முழுக்க ஆப்ப சோடா, சீட்டுக்கு அடியில் கிண்ணங்களில் காபிப்பொடி.

எதற்கும் இருக்கட்டும் என்று அமலா உள்ளே சாம்பிராணி போட்டாள். ஜன்னல் வழியாகப் புகை வந்ததும் மித்ரா தாதா, வண்டி பற்றிக்கொண்டது என்று நினைத்து மாடியிலிருந்து ஒரு வாளி தண்ணீரைத் திறந்த டிக்கிக்குள் கொட்டினார். அதுவரை அடங்கிக் கிடந்த மீன் வாடை சாம்பிராணியோடு கைகோத்துக்கொண்டு கிளம்பியது.

கண்ணுக்கு ஷோரூம் வண்டி. மூக்குக்கு மீன் மார்க்கெட். அதற்குள் ரயில் நேரமும் ஆகிவிட்டது.

ஸ்டேஷனில் நெற்றி நிறைய விபூதியோடு வந்து நின்றார் ராஜாராமன். "நீங்கதான் மிஸ்டர் ஜம்புநாதனா?" என்று அளந்து பேசிவிட்டு முன் சீட்டில் உட்கார்ந்தார். அமலாவும் பாகீரதியும் பின்னால். வெளியே நல்ல மழை, கண்ணாடியை இறக்க வழியில்லை.

"என்னமோ வாடை வரதே?" என்றாள் பாகீரதி.

"புது சீட் கவர். நாலு நாள் அப்படித்தான் இருக்கும்," என்றாள் அமலா, கூசாமல்.

ரயில் அலுப்பில் பாகீரதி அதையும் நம்பித் தூங்கிப்போனாள். ராஜாராமன் தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மூச்சை ஆழமாக இழுத்தார். ஹூக்ளி பாலம் ஏறும்போது இன்னொரு தடவை இழுத்தார்.

முடிந்தது கதை என்று நினைத்துக்கொண்டார் ஜம்புநாதன். மேக்னாவின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. தேங்காய் எண்ணெய்க் கையில் ஸ்டியரிங் வழுக்கியது.

ராஜாராமன் கண்ணைத் திறந்தார். மனைவி தூங்குகிறாளா என்று திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டார். பிறகு ஜம்புநாதனின் காதருகே சாய்ந்து ரகசியமாகக் கேட்டார்.

"பத்மா இலிஷ்தானே, சம்பந்தி?"