தாய்வழியில் ஓர் ஆண்

திவசத்துக்கு வந்திருந்தவர்கள் இவ்வளவுபேர்தான்: ஊரின் பெரிய வயற்காரர் வேலப்போடியார், அவருடைய தங்கை வசந்தாதேவி, தங்கையின் மகள் கலாஜினி, மகன் விதுஷன், கலாஜினியைத் தன் மகனுக்குக் கேட்டு வந்த செங்கலடி நல்லரத்தினம்.

படத்தில் போடியாரின் தம்பி வினாயகமூர்த்தி. சுனாமியில் கடல் கொண்டுபோய் ஐந்து வருடம்.

படத்துக்கு முன்னால் வாழையிலையில் சோறும் மீன்குழம்பும் அவித்த முட்டையும். பக்கத்தில் அரைப்போத்தல் சாராயம். செத்தவருக்குப் பிடித்ததைப் படைப்பது வழக்கம். போத்தலை வருடந்தோறும் போடியாரே வாங்கி வந்து, வந்தவர்கள் பார்க்கும்படி வைப்பார்.

"தம்பிக்கு ஒரு குறையும் வைக்கல்ல போடியார்," என்று நல்லரத்தினம் சிரித்தார். "குடுத்து வச்ச மனிசன்."

போடியார் சிரிக்கவில்லை. சால்வையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து இருந்தார்.

சாப்பாடு முடிந்து நல்லரத்தினம் கை கழுவக் கிணற்றடிக்குப் போனார். அந்த இடைவெளியில் கலாஜினி மாமாவுக்குக் கிட்ட வந்து குந்தினாள்.

அவளுக்குக் கொழும்பில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. கொஞ்சக் காலமாக விதுஷனின் கால்கள் அவன் சொல்லைக் கேட்பதில்லை. போன முறை வந்தபோது அவனுடைய இரத்தத்தையும் தோலில் ஒரு சிறு துண்டையும் கொண்டுபோயிருந்தாள்.

"இப்ப என்ன செய்யிறீங்க அத வச்சு?" என்று கேட்டார் போடியார்.

"சுகமா இருக்கிற செல் கொஞ்சம் எடுப்பம், மாமா. அதுக்குள்ள ஒரு மரபணுவ மட்டும் அடக்கி விடுவம். மறுகா அந்தச் செல் என்னமாதிரிக் கெட்டுப்போகுதெண்டு பாப்பம். தம்பிட செல் கெட்டமாதிரியே கெட்டா, பிழை அதிலதான்."

"நல்லாயிருக்கிறதக் கெடுத்தா நோயப் பாக்கிற?"

"ஓம் மாமா."

போடியாருக்கு விளங்கவில்லை. வயல்வட்டையில் ஒரு மடையை அடைத்தால், எந்த வயல் காய்கிறதோ அதற்குத்தான் அந்த மடை தண்ணீர் விட்டது. அந்த அளவுக்கு அவர் மனம் போனது. அதற்கு மேல் போகவில்லை. அடைத்துத்தான் அறிய வேண்டுமா? அறிந்தபின் வயலுக்கு என்ன ஆகும்?

"ஆனா எத அடக்கிற எண்டதுதான் மாமா கேள்வி. ரெண்டில சந்தேகம். ஒண்டு தாய்வழியா மட்டும் வாறது. பொம்பிளையள் சுகமா இருந்து கொண்டுவருவாங்க, ஆம்பிளைப் பிள்ளையளுக்குத்தான் காலப் பிடிக்கும். மற்றது அப்பிடியில்ல. எங்கட அம்மாட பக்கத்தில ஒரு ஆம்பிளையாவது இப்பிடி நடந்திருக்கா?"

தாய்வழி. குடி என்கிற குலம் வருவது அப்படி, கோயிலில் முதல் மரியாதை வருவது அப்படி. அதே வழியால் இதுவும் வருமா?

"உங்கட அப்பாட பக்கம் கேளு கா," என்றார் போடியார். எப்போதும் சொல்கிற பதில்தான். "எங்கட பக்கத்தில அப்பிடி ஒண்டும் இல்ல."

கலாஜினியின் அப்பா வாகரையில் ஷெல் பட்டுச் செத்தவர். அவர் பக்கத்தில் கேட்க ஒருவரும் மிஞ்சவில்லை.

"சின்ன மாமா?" என்றாள் கலாஜினி. "அவரும் தள்ளாடினவர்தானே. அது குடிச்ச வெறியிலதானா?"

போடியார் தங்கையைப் பார்த்தார். வசந்தாதேவி இலையை மடித்துக்கொண்டே, "அண்ணன் சொல்றதுதான்," என்றாள்.

"பிழையானத அடக்கினா வருசக்கணக்கில வீணாப்போகும், மாமா. தம்பிக்கு அவ்வளவு காலம் இல்ல."

ஒருவன் வெறிகாரன் என்றால் அந்தப் பழி அவனோடு போகும். இரத்தத்தில் நோய் என்றால் குடியிலுள்ள பெண்பிள்ளைகள் எல்லோர் தலையிலும் ஏறும். கேள்வி கேட்கிறவளும் அவர்களில் ஒருத்தி. தன் சம்பந்தம் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருக்கிறது என்பது இவளுக்குத் தெரியாதா? தெரிந்தா கேட்கிறாள்?

நல்லரத்தினம் திரும்பி வந்தார். விதுஷன் அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தான். இரண்டடி தள்ளியே அவனுடைய வலது கால் இழுத்தது. செம்பு சரிந்து தண்ணீர் நல்லரத்தினத்தின் வேட்டியில் கொட்டியது.

"என்ன மருமகன், மாமாட போத்தல்ல கை வச்சாச்சோ?" நல்லரத்தினம் வேட்டியை உதறினார். "கடல் வந்த அண்டைக்கு வெறியில கரையில கிடந்த மனிசன்ட மருமகனெல்லோ!"

பகிடிதான். விதுஷனும் சிரித்தான். தூணைப் பிடித்து நின்றுகொண்டு, பழகிப்போனவனைப்போலச் சிரித்தான்.

வினாயகமூர்த்தியும் ஊரார் முன்னால் இப்படித்தான் சிரித்துக்கொண்டு நின்றான். சிரி என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் வீட்டில் இருந்தார்கள்.

போடியார் எழுந்தார். என்ன சொல்லப்போகிறார் என்று அவருக்கே தெரியவில்லை. சொன்னபின் எது நிற்கும், எது போகும் என்றும் தெரியவில்லை. முதுகு மட்டும் வளையாமல் நின்றது.

"நல்லரத்தினத்தார்," என்றார். "என்ட தம்பி சாராயத்தைத் தொட்டதே இல்ல. கரையில கிடக்கவும் இல்ல. வீட்டுக்குள்ள, பாயில கிடந்தவன். கால் ரெண்டும் ஏலாது. எழும்பத்தான் பாத்தவன்."